தகவமைத்துக்கொண்டதா, தகவமைந்ததா?

"பிச்சாவரத்துக் கண்டல் மரங்கள் உப்புச் சேற்றில் வாழ்வதற்காக வேர்களை மேல்நோக்கி நீட்டித் தங்களைத் தகவமைத்துக்கொண்டன."

சுற்றுலாக் குறிப்பு, பள்ளிக் கட்டுரை, யூடியூப் விளக்கம் என்று எதைத் தொட்டாலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் வந்து நிற்கும். இலக்கணப் பிழை கிடையாது, வாசிக்கவும் சரளமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரியல் கண்ணோடு பார்த்தால் மூன்று இடத்தில் இடறுகிறது: 'வாழ்வதற்காக', 'நீட்டி', 'கொண்டன'. 'தகவமைப்பு' என்ற பெயர்ச்சொல்மேல் பெரிய குறை சொல்ல முடியாது. அதன் வாலில் நாம் கட்டிவிடும் வினைதான் வில்லங்கம்.

'அமை' என்ற வேருக்கு இரண்டு முகம் உண்டு. "நல்ல இடம் அமைந்தது" என்றால் யாரும் கை வைக்காமல் தானாக நேர்ந்தது. "மேடை அமைத்தார்கள்" என்றால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. பெயர்ச்சொல்லாக மாறும்போதும் இந்த வேறுபாடு கூடவே வரும்: குறைவு – குறைப்பு, இணைவு – இணைப்பு, அமைவு – அமைப்பு. விலைக் குறைவு வேறு, விலைக் குறைப்பு வேறு என்பது கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அதே காதோடு கேட்டால் 'தகவமைவு' என்பது பொருத்தம் தானாக வந்து சேர்வது. 'தகவமைப்பு' என்பது பொருத்தத்தை ஒருவர் உண்டாக்குவது.

இதோடு 'கொள்' என்ற துணைவினையும் சேர்ந்தால் கதை முடிந்தது. 'கொள்' தமிழில் சும்மா வராது. "சமைத்தான்" என்றால் யாருக்கு வேண்டுமானாலும் சமைத்திருக்கலாம். "சமைத்துக்கொண்டான்" என்றால் தனக்கு. செய்பவனே பலனையும் அனுபவிக்கிறான், தெரிந்தே செய்கிறான் என்ற தொனி அதில் ஊறிக் கிடக்கிறது. எனவே "மரம் தன்னைத் தகவமைத்துக்கொண்டது" என்றதும், ஒரு மரம் சேற்றில் மூச்சுத் திணறி, யோசித்து, வேரை மேலே விட்ட காட்சி கேட்பவர் மனத்தில் விழுந்துவிடுகிறது. தேவை வந்தால் உறுப்பு மாறும், மாறியது பிள்ளைக்கும் போகும் என்று பிரெஞ்சுக்காரர் லாமார்க் 1809இல் எழுதியதன் சாயல் இது. டார்வின் 1859இல் முன்வைத்த விளக்கம் வேறு. நாம் டார்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு லாமார்க்கின் வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

டார்வினின் விளக்கத்தை ஆடம்பரமில்லாமல் சொன்னால் இவ்வளவுதான். ஒரே இனத்து உயிர்களுக்குள் ஏற்கெனவே வேறுபாடு இருக்கிறது. அவற்றில் சில வேறுபாடுகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. அந்த வேறுபாட்டால் சிலவற்றுக்குப் பிள்ளைகள் அதிகம் தங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது கூட்டத்தின் கலவை மாறுகிறது. தனி உயிர் மாறுவதில்லை. இந்தக் கடைசி வரி பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

பிடிபட, கடலூர் – புதுச்சேரி வட்டாரத்திலேயே மூன்று சாட்சிகள் உண்டு: கண்டல் மரம், இறால், கொசு.

முதலில் மரம். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் அதிகம் பார்ப்பது சுரபுன்னையும் வெண்கண்டலும்தான். இரண்டும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன, ஒரே உப்பு. ஆனால் சமாளிக்கும் விதம் வெவ்வேறு. சுரபுன்னை உப்பின் பெரும்பங்கை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் கணிசமான உப்பை உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய நேரத்தில் வெண்கண்டல் இலையை நாக்கில் தொட்டுப் பார்த்தால் கரிக்கும், சில நாள் உப்புத் துகள் கண்ணுக்கே தெரியும். (தில்லை மரத்திடம் இந்தச் சோதனை வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.)

சேற்றில் காற்று கிடையாது. அதற்கும் இரண்டு வழி. சுரபுன்னைக்கு முட்டுக்கொடுத்தாற்போல் வளைந்து இறங்கும் தாங்குவேர். வெண்கண்டலைச் சுற்றிப் பென்சிலை நட்டுவைத்ததுபோல் சேற்றிலிருந்து மேலே எட்டிப் பார்க்கும் மூச்சுவேர். வேரின் தோலில் நுண்துளைகள் உண்டு. கடல் ஏற்றத்தில் வேர் மூழ்கியதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகி, உள் அழுத்தம் குறைகிறது. வற்றத்தில் துளை வெளியே தெரிந்தவுடன் காற்று உள்ளே இழுபடுகிறது. கடல் தண்ணீரே பம்ப் அடித்துக் கொடுக்கிற ஏற்பாடு. சுரபுன்னை விதையும் விழுவதற்கு முன்பே, தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஒரு முழம் வரைகூட நீண்ட பிறகுதான் கீழே விழும்.

வேர், சுரப்பி, முளைத்த விதை ஆகிய இவை ஒவ்வொன்றையும் 'தகவமைப்பு' என்று சொல்வதில் தவறில்லை. உடலமைப்பு, கட்டமைப்பு என்று சொல்கிறோமே, அதே பொருளில் ஓர் உறுப்புக்கோ பண்புக்கோ பெயராக அது நிற்கும். அந்த உறுப்பு வந்த வழியைச் சொல்லும்போதுதான் 'தகவமைவு' அல்லது 'தகவமைந்தது' என்று மாற வேண்டும். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் அடித்து ஓட்டுவதுதான் குழப்பத்தின் ஊற்று. ஆங்கிலத்தில் 'அடாப்டேஷன்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது, அவர்களும் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். தமிழில் இரண்டு சொல் கைவசம் இருக்கும்போது நாம் ஏன் அந்தச் சிக்கலையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

மரம் 'தகவமைத்துக்கொள்ளும்' என்பது உண்மையானால் பிச்சாவரத்தில் இன்னொரு வேலையே தேவைப்பட்டிருக்காது. முற்காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டிய இடங்களில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கித் தொட்டிபோல் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு கடலைவிட அதிகமாக ஏறியது. உப்பைத் தாங்குவதற்குப் பெயர்போன கண்டலே அங்கே முளைக்கவில்லை. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் 1990களில் செய்தது என்ன? மீன் முள்ளைப்போல் நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறம் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் வந்துபோக வழிவிட்டார்கள். உப்பு கழுவப்பட்ட பிறகு வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டலை நட்டார்கள். எந்த உயிரும் எல்லையில்லாமல் எதற்கும் பொருந்திப்போகாது. அந்த இனத்தின் முன்னோர் கூட்டத்தில் எந்த அளவுக்கு வேறுபாடு இருந்ததோ, அந்த அளவுக்குள்தான் தகவமைவு.

அடுத்து இறால். இங்கேதான் மூன்றாவது ஒரு சொல் தேவைப்படுகிறது.

கரையோரத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் வன்னாமை இறால் குஞ்சு ஏறக்குறைய 30 பிபிடி (ஆயிரம் பங்கு தண்ணீரில் 30 பங்கு) உப்பில் வளர்கிறது. பண்ணைக் குட்டையில் 10 பிபிடிதான் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியே கொட்டினால் என்ன ஆகும்? வெளித் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் தண்ணீர் உடலுக்குள் ஏறும், உப்பு வெளியே ஓடும். செவுளும் சுரப்பும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் தசை வெளுத்து, முதுகு வளைந்து, குஞ்சு அடியில் போய்ச் சாகும். சாவது மேலே மிதக்காது என்பதால் முதலாளிக்குத் தெரியாது. இல்லாத இறாலுக்குப் பத்துப் பதினைந்து நாள் தீனி போட்டு, அந்தத் தீனி அழுகி, தண்ணீரும் கெடும்.

அதனால்தான் படிப்படியாக இறக்குகிறார்கள். பொரிப்பகத்திடம் குட்டையின் உப்பளவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தொட்டியிலேயே சில நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அனுப்புவார்கள். குஞ்சு பிஎல்-10, பிஎல்-12 (பின்புழுப் பருவத்தில் 10, 12 நாள்) வயதாவது இருக்க வேண்டும், அதற்கு முன் செவுள் முழுதாக வளர்ந்திருக்காது. பை வந்து சேர்ந்ததும் பிரிக்காமல் குட்டையில் இருபது முப்பது நிமிடம் மிதக்கவிட வேண்டும், அது வெப்பநிலை சமன்படுவதற்கு. பிறகு பையைத் திறந்து குட்டைத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். மணிக்கு 2 பிபிடிக்கு மேல் இறக்காமல் இருப்பது பாதுகாப்பு. 5 பிபிடிக்குக் கீழே போக வேண்டியிருந்தால் இன்னும் மெதுவாக. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு சொட்டு போதும், நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இங்கே உதவாது. கணக்குத் தெரிய நூறு குஞ்சை எண்ணி அதே குட்டையில் ஒரு ஹாப்பா வலைக்குள் விட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். எழுபதுதான் இருக்கிறது என்றால் குட்டைக்குள்ளும் அதே நிலைமைதான், தீனிக் கணக்கை அப்போதே திருத்திவிடலாம். கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானால் உப்பளவு சரியாக இருந்தும் குஞ்சு சாவதுண்டு. அங்கே பொட்டாசியம் குறைவாக இருக்கும். கடல்நீரில் சோடியம் 28 பங்குக்குப் பொட்டாசியம் ஒரு பங்கு. இந்த விகிதம் ரொம்ப விலகினால் பொட்டாஷ் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும்.

இப்படிப் பொறுமையாக இறக்கிய இறாலை "குறைந்த உப்புக்குத் தகவமைத்துக்கொண்ட இறால்" என்று எழுதுகிறார்கள். இங்கே 'கொண்ட' பொருந்தும், 'தகவமை' பொருந்தாது! ஓர் உயிர் தன் ஆயுளுக்குள் உடல் இயக்கத்தைச் சரிசெய்துகொள்வதற்குத் தமிழில் நல்ல நாட்டுச் சொல் இருக்கிறது: பழகுதல். தண்ணீருக்குப் பழகியது, வெயிலுக்குப் பழகியது, ஊட்டிக் குளிருக்குப் பழகியது. 'இணங்குதல்' என்றும் எழுதலாம். இதன் அடையாளம் என்ன? பிள்ளைக்குப் போகாது. 10 பிபிடி குட்டையில் பழகி வளர்ந்த இறாலைத் தாய் இறாலாக எடுத்து முட்டையிட வைத்தாலும், அதன் குஞ்சுகளைக் கடல் உப்பில்தான் பொரித்து வளர்க்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் மறுபடி முதலிலிருந்துதான் பழக்க வேண்டும். அம்மா பழகியது அம்மாவோடு போயிற்று.

ஆனால் அதே வன்னாமையில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரைதான் இதன் சொந்த ஊர். இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்தது. இங்கே வரும் தாய் இறால்களின் முன்னோரைப் பல தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, வேகமாக எடை போடும் குடும்பத்தை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுத்திருக்கிறார்கள். அது பிள்ளைக்குப் போகிறது. இது தேர்வு, இயற்கைக்குப் பதில் மனிதன் தேர்ந்தெடுத்தான், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, ஒரே இறாலின் உடலில் பழகியதும் உண்டு, தேர்வில் வந்ததும் உண்டு. எது எது என்று பிரிக்க ஒரே கேள்வி போதும்: குட்டிக்குப் போகுமா?

இடையில் ஒன்று. எஸ்.பி.எஃப். இறால் என்றால் நோய் எதிர்ப்பு கொண்ட இறால் என்று பல பண்ணைகளில் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட கிருமிகள் இல்லாத இறால் என்பதுதான் அதன் பொருள். வெள்ளைப்புள்ளி வைரஸ் குட்டைக்குள் வந்தால் அதுவும் சாகும்.

மூன்றாவது கொசு. சொல் பிழையாகப் போனால் காசும் கூடவே போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. "கொசு மருந்துக்குப் பழகிடுச்சு." புகை அடிக்கிறவரிலிருந்து வீட்டில் லிக்விடேட்டர் மாட்டுகிறவர் வரை இந்த வரியைச் சொல்லாதவர் இல்லை. இறாலுக்குச் சரியாக இருந்த 'பழகு' கொசுவுக்கு முழுத் தவறு.

புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நோய்க்கடத்தி ஆய்வு மையம் 1975லிருந்து இருக்கிறது. பூச்சிக்கொல்லி எதிர்ப்பை இதுபோன்ற ஆய்வகங்களில் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை ஒன்று உண்டு. அந்தச் சோதனையைக் கிட்ட நின்று பார்த்தால் 'பழகவில்லை' என்பது கண்ணுக்கே தெரியும். வெளியில் பிடித்த புழுக்களை வளர்த்து, மூன்றிலிருந்து ஐந்து நாள் வயதான, இன்னும் ரத்தம் குடிக்காத பெண் கொசுக்களை எடுக்கிறார்கள். குழாய்க்கு இருபது இருபத்தைந்து கொசு. மருந்து தோய்ந்த தாள் சுருட்டிவைத்த குழாய் நான்கு, மருந்தில்லாத தாளோடு ஒப்பீட்டுக்கு இரண்டு. சரியாக ஒரு மணி நேரம் உள்ளே. பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுகிறார்கள். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. நடுவில் விழுந்தால் சந்தேகம், மறுபடி சோதிக்க வேண்டும். மருந்தில்லாத குழாயிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனையையே தூக்கிப் போட வேண்டும். கொசுவைக் கையாண்டதில் கோளாறு.

அந்தக் கொசுக்களில் ஒன்றுகூட அதற்கு முன் மருந்தைக் கண்டதில்லை, ஆய்வகத்தில் கூடுடைத்து வந்தவை. பழக ஒரு நாள்கூட வாய்ப்பில்லாமல் பிழைத்தது எப்படி? பிறக்கும்போதே கொண்டுவந்ததால். பைரித்ராய்டு வகை மருந்து நரம்பிலுள்ள சோடியம் கால்வாய் என்ற புரதத்தில் போய் ஒட்டும். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மருந்து சரியாக ஒட்டாது. அந்த எழுத்து மருந்தைக் கண்டு மாறவில்லை, முன்பே எங்கோ மாறிக் கிடந்தது. பாக்டீரியாவில் இதை லூரியா, டெல்புரூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1943லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் கொசு, அதில் பத்துக்கு மட்டும் எதிர்ப்பு. புகை அடித்தால் எதிர்ப்பில்லாதவற்றில் 95 சதவீதம் சாகும் என்று வைப்போம். 990இல் மிஞ்சுவது ஏறக்குறைய 50, கூட இந்தப் பத்து. இப்போது ஆறில் ஒன்று எதிர்ப்புக் கொசு. மழைக்குப் பிறகு கூட்டம் மறுபடி ஆயிரமாகிறது: 167க்கு எதிர்ப்பு. இரண்டாம் புகை: மீதி 833இல் மிஞ்சுவது 42. இப்போது ஐந்தில் நான்கு எதிர்ப்பு. மூன்றாம் முறை ஆயிரத்தில் 800க்கு எதிர்ப்பு இருப்பதால் புகையில் சாவது 190தான். (ஆண் பெண் மரபணுக் கலப்பைச் சேர்த்தால் எண்கள் மாறும், போக்கு மாறாது.) மூன்று சுற்றிலும் எந்தக் கொசுவும் மாறவில்லை, எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. மாறியது கூட்டத்தின் கலவை மட்டும். பரிணாமம் என்பதன் பாடநூல் வரையறையே இதுதான்: ஒரு கூட்டத்தில் மரபணு வகைகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது.

'பழகிடுச்சு' என்று நினைப்பவர் என்ன செய்வார்? பழகியதை மறக்கட்டும் என்று ஒரு வாரம் நிறுத்திவிட்டு அதே மருந்தைக் கூடுதலாக அடிப்பார். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கத்தரித் தோட்டத்திலும் இதே தப்புதான். டெல்டாமெத்ரின் கேட்கவில்லை என்று சைபர்மெத்ரின் வாங்குவார்கள், அதுவும் கேட்கவில்லை என்று லாம்ப்டா சைஹாலோத்ரின். டப்பாவும் கம்பெனியும்தான் மாறுகின்றன. மூன்றும் பைரித்ராய்டு, மூன்றும் அதே சோடியம் கால்வாயைத்தான் பிடிக்கும். மாற்றுவதானால் வேலை செய்யும் விதமே வேறான வகைக்கு மாற்ற வேண்டும். லேபிளில் வணிகப் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடிப்பதும் இதற்கு விடை ஆகாது.

"இம்யூனிட்டி வந்துடுச்சு" என்பதும் அதே ரகம். நோயெதிர்ப்பு ஓர் உடல் தன் ஆயுளில் பெறுவது. இங்கே வேண்டிய சொல் எதிர்ப்புத்திறன். ஆன்டிபயாடிக் விஷயத்தில் "என் உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்பார்கள். எதிர்ப்பு இருப்பது உடம்பில் இல்லை, கிருமியில். அதனால்தான் அந்த மருந்தை ஒருமுறைகூடச் சாப்பிடாதவருக்கும் எதிர்ப்புக் கிருமி தொற்றுகிறது.

இனி 'தகவு'. தகு என்ற வேரிலிருந்து தகுதி, தகவு, தக்க எல்லாம் கிளைக்கின்றன. ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதி, டார்வின் தன் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்ட தொடரைத் தமிழகப் பாடநூல் 'தக்கன உயிர்பிழைத்தல்' என்கிறது. அருமையான ஆக்கம். மேடையில் இது 'வலியது வாழும்' என்று ஆகிவிட்டது, அது கோளாறு. வெண்கண்டல் சுரபுன்னையைவிட வலியதும் இல்லை, மெலியதும் இல்லை. எந்தச் சூழலுக்குத் தக்கது என்பதே கேள்வி. 'தக்க' என்ற சொல்லே 'எதற்கு?' என்று கேட்கவைக்கும்; 'வலிய' என்ற சொல் அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

உயிரியலில் தகவை அளக்கும் கோல் உடல் வலு கிடையாது, எத்தனை வாரிசு நிலைத்தது என்பதுதான். இந்த இடத்தில் ஒரு குறள் வந்து நிற்கும்: "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்." 'எச்சம்' என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொள்கிறார். உடனே 'டார்வினுக்கு முன்பே வள்ளுவர்' என்று மீம் போட வேண்டாம். குறள் அமர்ந்திருப்பது நடுவுநிலைமை அதிகாரத்தில், பேசுவது அறம். ஆனால் சொல்லாக்கத்துக்கு இதைவிட நல்ல நினைவுக் குறிப்பு கிடைக்காது: தகவு, எச்சத்தால் காணப்படும்.

எச்சம் என்றதும் கடலூர், புதுச்சேரிக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையைச் சொல்லாமல் போக முடியாது. இரவில் பொரித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் கூடிய அடிவானத்தை நோக்கி ஓடும். எத்தனையோ ஆயிரம் தலைமுறையாக அந்த வெளிச்சம் கடல் பக்கம்தான் இருந்தது; கடல் பக்கம் ஓடியவற்றுக்கே எச்சம் தங்கியது. இப்போது வெளிச்சம் ரோட்டுப் பக்கம், விடுதிப் பக்கம். குஞ்சு அப்படியே எதிர்த்திசையில் ஓடி நாய்க்கும் டயருக்கும் இரையாகிறது. தகவமைவு என்பது கழிந்த காலத்தின் கணக்கு, நாளைக்கு என்ன வரும் என்று அதற்குத் தெரியாது. புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர்ப் பக்கத்துப் பாறைகளில் சுருள் சுருளாகக் கிடைக்கும் அம்மோனைட்டுகளும் (பழங்காலக் கடல் உயிரிகளின் ஓட்டுப் புதைபடிவங்கள்) தம் காலத்துக் கடலுக்குத் தக்கவையாகத்தான் இருந்தன. 6.6 கோடி ஆண்டுக்கு முன் அந்தக் கடலின் நிலைமை மாறியபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

சொல் விஷயத்தில் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஈழத்துப் பாடநூல்களில் தகவமைப்புக்கு 'இசைவாக்கம்', பரிணாமத்துக்கு 'கூர்ப்பு'. 'இசைவு' இனிமையாக இருக்கிறது, ஆனால் 'ஆக்கம்' என்பதில் ஆக்குபவர் ஒருவர் மறுபடி வந்து உட்கார்ந்துவிடுகிறார். 'படிமலர்ச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், படிப்படியாக மேலே போய் மலர்கிறது என்ற எண்ணத்தையும் கூடவே கொண்டுவருகிறது. பரிணாமத்துக்குத் திசை கிடையாது. குகைமீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான்.

'பரிணாமம்' பழைய சொல். பால் தயிராவதைச் சாங்கியத் தத்துவவாதிகள் பரிணாமம் என்றார்கள். ஆயுர்வேதத்தில் சாப்பிட்டது செரிக்கும் நேரத்தில் வரும் வலிக்குப் பரிணாம சூலம் என்று பெயர். புதுச்சேரியில் இதற்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 1910இல் இங்கே வந்த அரவிந்தர் 1914லிருந்து தன் ஆர்யா இதழில் எழுதியது உணர்வின் பரிணாமத்தைப் பற்றி. அதில் மேல்நோக்கிய திசையும் இலக்கும் உண்டு. அது தத்துவம், அதன் வழக்கு அதற்கு. ஆனால் இந்த ஊரில் மேடையில் 'பரிணாமம்' என்று கேட்டால் எந்தப் பரிணாமம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சினிமாச் செய்தியில் வரும் 'நடிகரின் இன்னொரு பரிணாமம்' இரண்டுமே இல்லை. அவர்கள் எழுத நினைத்தது பரிமாணம்.

பள்ளிக்கூடத்து நிலைமையும் சொல்லத்தக்கது. கடலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிணாமம் பாடமாக இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. அந்தப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 2023இல் 'மரபு' என்று மட்டும் சுருங்கியது. மேல்நிலையில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு இந்தச் சொற்கள் செய்தித்தாளிலிருந்தும் கொசுப்புகைக்காரரிடமிருந்தும்தான் வந்து சேரும். அதனால் எழுதுகிறவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது.

எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் ஒருமுறை வடிகட்டிப் பார்த்தால் போதும். '-அதற்காக' வந்தால் நிறுத்துங்கள். காரணத்தையும் நோக்கத்தையும் போட்டுக் குழப்புவது பெரும்பாலும் அதுதான். 'உப்பை வெளியேற்றுவதற்காகச் சுரப்பி உண்டானது' என்பதை 'உப்பை வெளியேற்றும் சுரப்பி இருந்தவை அதிகம் பிழைத்தன' என்று திருப்பிவிடலாம். '-கொண்டது' வந்தால் எழுவாயைப் பாருங்கள். எழுவாய் ஒற்றை உயிராகவும் செயல் அதன் ஆயுளுக்குள்ளும் இருந்தால் 'பழகிக்கொண்டது' சரி. எழுவாய் இனமோ கூட்டமோ ஆனால் 'அமைந்தது', 'பெருகியது', 'நிலைத்தது', 'மிஞ்சியது' என்ற தன்வினைகள் வரிசையில் நிற்கின்றன. பேச்சில் இவ்வளவு கறார் வேண்டாம். விஞ்ஞானிகளும் தேநீர்க் கடையில் 'கொண்டது' என்றுதான் பேசுவார்கள். பாடநூல், தகவல் பலகை, விவசாயிக்குக் கொடுக்கும் கையேடு ஆகிய மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தொடக்கத்து வாக்கியத்தைப் பிச்சாவரத்துப் படகுத்துறையில் ஒரு பலகையில் எழுதச் சொன்னால் இப்படி எழுதலாம்: "சேற்றுக்கு மேலே நீண்ட வேர் கொண்டிருந்த கண்டல் மரங்கள் மற்றவற்றைவிட அதிகம் பிழைத்து, அதிகம் விதைத்தன. பல ஆயிரம் தலைமுறைக்குப் பிறகு நிற்பவை அவற்றின் வாரிசுகள். நீங்கள் பார்க்கும் இந்த மூச்சுவேர், அப்படி வந்த தகவமைப்பு. மிதிக்காதீர்கள்."

பழைய வாக்கியத்தைவிடப் பலகையில் இரண்டு வரி கூடும். பெயின்ட் செலவுதான்.